மிச்ச மாத்திரை

இரண்டாம் நம்பர் லைன்,
கீழ் கோத்தகிரி.
29-8-1999

சம்மந்தியம்மா லீலாவதி அவங்களுக்கு இசக்கியம்மா வணக்கம் சொல்லி எழுதுறது. இங்க நானும் எங்க வீட்டுக்காரரும் சுகம். அங்க நீங்க, சம்மந்தி ஐயா, மாப்பிள்ளை ஏகநாதன், எங்க உஷா எல்லாரும் சுகம்தானுங்களே? ஆறாங்கிளாசோட நின்னவ எழுத்து. கொம்பு, கால் விட்டுப் போயிருந்தா நீங்களே சேர்த்துப் படிச்சுக்கோங்க.

வர்ற ஞாயிறு போய் அடுத்த ஞாயிறு, பன்னிரண்டாம் தேதி, உஷாவுக்கு வளைகாப்பு. அஞ்சு வகை சோறும் நானே கட்டிக் கொண்டாந்திர்றேன். நீங்க அடுப்புப் பக்கமே போக வேண்டாம். அன்னைக்குச் சாயங்காலமே பிள்ளையைப் பிரசவத்துக்கு இங்க கூட்டிட்டு வந்திரணும். அந்த வாரமே புரட்டாசி பொறந்துருது, அப்புறம் நீங்க அனுப்ப மாட்டீங்க, நானும் கேக்க முடியாது. ரூமுக்குச் சுண்ணாம்பு அடிச்சாச்சு. எங்க வீட்டுக்காரர் கட்டிலைச் சமையக்கட்டுக்கு மாத்திட்டேன். அவரு குறட்டை இனி அடுப்புக்குக் கேட்டாப் போதும்.

மழை விட்டதும் தேயிலைக் கொழுந்து குப்புன்னு வந்திருச்சு. லீவு கேட்டா மேஸ்திரி மூஞ்சியைத் தூக்கி வச்சுக்கிறார். அதனால நடுவுல வந்து பாக்க முடியல, கோவிச்சுக்காதீங்க.

இன்னொண்ணு. போன கடுதாசில உஷா, ஒண்ணுக்குப் போறப்ப எரியுதுன்னு ஒரு வரி எழுதிட்டு அதை அடிச்சு விட்டிருந்தா. அடிச்சிருந்தாலும் படிக்க முடிஞ்சது. மாமியார்கிட்டச் சொல்லக் கூச்சப்படுவா. நீங்களே கேட்டு, பார்லித் தண்ணி காய்ச்சிக் குடுங்க. ஏழு மாசம், பாத்துக்கோங்க.

பிள்ளையை எதிர்பாத்து இருக்கும்,
இசக்கியம்மா


ஃபேக்டரி குவார்ட்டர்ஸ்,
அரவங்காடு.
7-9-1999

அன்புள்ள சம்பந்தியம்மாவுக்கு,

லீலாவதி எழுதுகிறேன். பதறாமல் படியுங்கள். உஷாவைக் குன்னூரில் ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறோம். வயிற்றுப் பிள்ளைக்கு ஒன்றும் இல்லை, முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன்.

உங்கள் கடிதம் வந்த செவ்வாய்க்கிழமையே அவளுக்குக் குளிர் சுரம் கண்டது. நாலு கம்பளி போர்த்தியும் உடம்பு தூக்கிப் போட்டது. நீர்த்தாரையில் கிருமி என்று மாத்திரை கொடுத்தார்கள். இரண்டு நாள் பார்த்தோம், சுரம் இறங்கவே இல்லை. முதுகுப் பக்கம் வலி என்று துடித்தாள். கிருமி சிறுநீரகம் வரைக்கும் ஏறிவிட்டதாம். இப்படியே விட்டால் மாசம் முந்தியே வலி எடுத்துவிடும் என்று டாக்டர் பங்கஜம் அம்மா சொல்லிவிட்டார்கள். அதனால் பன்னிரண்டாம் தேதி வளைகாப்பு இல்லை.

சிறுநீரைப் பரிசோதனைக்கு அனுப்பி இன்றுதான் தாள் வந்தது. பதினோரு மருந்தின் பெயர் வரிசையாக இருக்கிறது. மருந்து கேட்டால் S, கேட்காவிட்டால் R என்று போடுவார்களாம். எட்டு மருந்துக்கு நேராக R. மூன்றுக்குத்தான் S. அந்த மூன்றில் இரண்டு ஊசி. ஒன்று மாத்திரை, அது சிறுநீர்ப்பை வரைக்கும்தான் வேலை செய்யும், சிறுநீரகத்துக்கு எட்டாதாம். ஆகவே ஊசிதான் போடுகிறார்கள்.

டாக்டர் உஷாவிடம், "இதற்கு முன்னால் எத்தனை தடவை இந்த மாத்திரையெல்லாம் சாப்பிட்டாய்?" என்று கேட்டார்கள். ஒரு தடவைகூட இல்லை என்கிறாள். டாக்டர் நம்பின மாதிரித் தெரியவில்லை. எனக்கும் ஒன்றும் புரியவில்லை. எங்கள் வீட்டுக்கு வந்து பதினாலு மாதம் ஆகிறது, இங்கே வந்து அவள் தலைவலி மாத்திரைகூடப் போட்டதில்லை. கல்யாணத்துக்கு முன்னால் இந்த நோய் இருந்ததா? நீங்கள் பெற்றவர்கள், மறைக்காமல் எழுதுவீர்கள் என்று நினைக்கிறேன்.

லீலாவதி சண்முகசுந்தரம்


கீழ் கோத்தகிரி.
9-9-1999

சம்மந்தியம்மாவுக்கு,

கடுதாசி கையில கிடைச்சதுல இருந்து கையும் ஓடல, காலும் ஓடல. கூடையில கொழுந்தோட குச்சியையும் சேர்த்துப் போட்டு மேஸ்திரிகிட்டப் பாட்டு வாங்கினேன்.

எங்க மாரியாத்தா மேல சத்தியமாச் சொல்றேன், உஷாவுக்கு இங்க இருந்தப்ப அப்படி ஒரு சீக்கு வந்ததே இல்ல. மாத்திரைன்னாலே பல்லைக் கடிச்சுக்குவா. சின்னதுல காய்ச்சல் மாத்திரையை வாழைப்பழத்துக்குள்ள வச்சுக் குடுப்பேன், பழத்தைத் தின்னுட்டு மாத்திரையைத் துப்பிருவா. அவளுக்கு எப்படி மருந்து கேக்காமப் போகும்? உடம்புக்கு மருந்து பழகிப் போறதுன்னா முதல்ல மருந்து உள்ள போகணுமில்ல? அந்தத் தாளு வேற யாரோடதாவது மாறிப் போச்சான்னு ஒரு தடவை கேட்டுப் பாருங்க.

நோய்க்காரப் பிள்ளையை மறைச்சுக் கட்டிக் குடுத்தோம்னு நீங்க எழுதல. ஆனா எழுதின மாதிரியே இருக்கு. மனசு வலிக்குது, சொல்லிட்டேன்.

ஞாயித்துக்கிழமை நான் ஆஸ்பத்திரிக்கு வர்றேன். வாங்கின வளையல் இருக்கு. நாலு வளையலாவது கையில போட்டுப் பாத்திட்டு வந்திருவேன்.

இசக்கியம்மா


அரவங்காடு.
15-9-1999

சம்பந்தியம்மாவுக்கு,

ஞாயிற்றுக்கிழமை நீங்கள் வந்து போனதும் உஷா வெகு நேரம் அழுதாள். ஊசி ஏறும் கையில் வளையல் வேண்டாம் என்று நான் சொன்னதை நீங்கள் தப்பாக எடுத்துக்கொண்டிருக்கலாம். நர்ஸ் சொன்னதைத்தான் நான் சொன்னேன்.

ஆனால் நீங்கள் போன பிறகு ஒன்று தெரிய வந்தது. டாக்டர் பங்கஜம் அம்மா மறுபடி தோண்டித் தோண்டிக் கேட்டார்கள். "நீ சாப்பிடவில்லை சரி, உன்கூட ஒரே வீட்டில் இருந்தவர்கள் யாராவது அடிக்கடி சாப்பிட்டார்களா?" என்று. அப்போதுதான் உஷா, "எங்கம்மாகிட்ட ஒரு மாத்திரை டப்பா இருக்குதுங்க, எல்லாருக்கும் எங்கம்மாதான் எடுத்துக் கொடுக்கும்" என்றாள். நான் கட்டில் பக்கத்திலேயே நின்றிருந்தேன்.

டாக்டர் சொன்னதை எனக்குப் புரிந்த வரைக்கும் எழுதுகிறேன். மருந்து பழகிப் போவது உடம்புக்கு இல்லையாம், கிருமிக்காம். அரைகுறையாக மாத்திரை போட்டால் நோஞ்சான் கிருமியெல்லாம் செத்து, தாக்குப் பிடித்தது மட்டும் தங்கிவிடுமாம். பிறகு அதுதான் பெருகும். ஒருவர் குடலில் இருப்பது கை வழியாக, கக்கூஸ் வழியாக, சாப்பாட்டு வழியாகக் கூட இருப்பவருக்குப் போய்விடுமாம். போன இடத்தில் ஒரு தொந்தரவும் செய்யாமல் மாசக்கணக்கில் இருக்குமாம். ஒரு மாத்திரைகூடச் சாப்பிடாதவளுக்கும் அந்தக் கிருமி வரலாம் என்கிறார்கள்.

அப்படியானால் அது எங்கிருந்து வந்தது என்று நான் சொல்ல வேண்டியதில்லை. மாத்திரையே தெரியாது என்று மாரியாத்தா மேல் சத்தியம் செய்தீர்கள். டப்பாவைப் பற்றி ஒரு வார்த்தை எழுதவில்லை.

உஷாவைப் பிரசவத்துக்கு அங்கே அனுப்புவதாக இல்லை. கொஞ்ச நாள் நீங்களும் வர வேண்டாம். எங்கள் வீட்டில் யாருக்கும் மனசு சரியில்லை.

லீலாவதி


கீழ் கோத்தகிரி.
18-9-1999

சம்மந்தியம்மாவுக்கு,

டப்பா இருக்கிறது நெசம். பிள்ளைக்குக் குடுக்கலங்கிறதும் நெசம். ரெண்டும் எப்படி ஒண்ணா இருக்க முடியும்னு நீங்க கேப்பீங்க, அதனால முழுசா எழுதுறேன்.

நாங்க ஒரு செட்டுல இருபத்திரண்டு பொம்பளைங்க கொழுந்து பறிக்கிறோம். காலையில ஏழரைக்குக் காட்டுல ஏறினா இறங்கச் சாயங்காலம் ஆகும். அங்க ஒதுங்க ஒரு மறைப்பு கிடையாது. கீழ அட்டைப்பூச்சி, மேல மேஸ்திரி நிக்கிறார். அதனால தண்ணியே குடிக்க மாட்டோம். வந்தாலும் அடக்கிக்குவோம். எரிச்சல் யாருக்கு வராதுன்னு கேளுங்க. உங்க குவார்ட்டர்ஸ்ல கதவைச் சாத்திக்கிட்டுப் போற உங்களுக்கு இது தெரிய நியாயமில்ல.

எஸ்டேட் கம்பவுண்டர்கிட்டப் போனா அரை நாள் கூலி போச்சு. ஏழு நாள் மாத்திரை குடுப்பார். மூணாம் நாளே எரிச்சல் நின்னுரும். மிச்சம் நாலு நாள் மாத்திரையை டப்பாவுல போட்டுருவோம். அடுத்தவளுக்கு எரிஞ்சா அதுல இருந்து எடுத்துக்குவா. அவளுக்கும் அரை நாள் மிச்சம். பிஸ்கட் டப்பாதான், பதினோரு வருசமா எங்கிட்டத்தான் இருந்துச்சு. நம்பிக்கையான ஆளுன்னு எல்லாரும் சேர்ந்து எங்கிட்டக் குடுத்தது. எனக்கு அதுல பெருமை, பொய் சொல்லல.

இன்னும் கேளுங்க. எரிச்சல் நின்ன பிறகும் முழுங்கினா, அடுத்தவ மருந்தைத் திங்கிறான்னு ஏசுவோம். மூக்கம்மான்னு ஒருத்தி, அவ மட்டும் ஏழு நாளும் விடாம முழுங்குவா. கம்பவுண்டர் சொன்னாருன்னு சொல்லுவா. அவளை நான் எல்லார் முன்னாலயும் வயித்துக்காரின்னு ஏசி அழ விட்டிருக்கேன். இன்னைக்குப் பாத்தா அவ ஒருத்திதான் சரியாச் செஞ்சிருக்கா. இந்தக் கூத்தை எங்க போய்ச் சொல்ல?

டப்பாவை நான் மறைக்கல சம்மந்தியம்மா. அதைச் சொல்லணும்னே தோணல. மண்ணெண்ணெய் டின்னைப் பத்தி யாராவது சத்தியத்துல சேர்த்துச் சொல்லுவாங்களா? அது பாட்டுக்கு அலமாரியில இருந்துச்சு. பிள்ளை அதைத் தொட்டதில்ல. ஆனா அந்த மாத்திரையைத் தின்ன கையாலதான் நான் அவளுக்கு இருபது வருசம் சோறு பிசைஞ்சு குடுத்தேன். நீங்க எழுதினதைப் படிச்சதுல இருந்து என் கையையே பாத்துக்கிட்டு இருக்கேன்.

எனக்கு ஒண்ணு மட்டும் புரியல. நாங்க திருடல, ஏமாத்தல. ஒருத்திக்கு வலிச்சா இன்னொருத்தி குடுத்தோம். குடுத்தது தப்பா, மிச்சம் வச்சது தப்பா? யோசிச்சா மண்டை காயுது.

டப்பாவைக் கம்பவுண்டர் மேசை மேல கவுத்திட்டு வந்துட்டேன். நாப்பத்தொரு மாத்திரை, எட்டுக் கலர்ல. அவரு தலையில கையை வச்சுக்கிட்டார். பொம்பளைங்க யாரும் எங்கூடப் பேசுறதில்ல, எங்க மருந்தைக் கொட்டிட்டான்னு கோபம். மூக்கம்மா மட்டும் வந்து, "இப்பவாவது தெரிஞ்சுதா?"ன்னு கேட்டுட்டுப் போனா.

பழி எம்மேலயே இருக்கட்டும். நல்லா ஏசுங்க. பிள்ளையை மட்டும் ஒரு பத்து நாளாவது எங்கிட்ட விடுங்க. நான் தொட்டா ஒட்டிக்கும்னா தொடல. கையைச் சோப்புப் போட்டுக் கழுவிட்டு வாசப்படியில உக்காந்துக்கிறேன். சமையலை எங்க வீட்டுக்காரர் பாத்துக்குவார், உப்பு மட்டும் கூடும்.

இசக்கியம்மா


கீழ் கோத்தகிரி.
27-9-1999

சம்மந்தியம்மாவுக்கு,

ஒன்பது நாளாச்சு, பதில் இல்ல. தபால்காரரைப் பாக்கவே கூச்சமா இருக்கு, அவரே தூரத்துல இருந்து கையை ஆட்டிட்டுப் போயிர்றார்.

எங்கூடப் பேச வேண்டாம். பிள்ளைக்குச் சுரம் விட்டுதா? அதை மட்டும் ஒரு கார்டுல எழுதிப் போடுங்க. உங்க பேர்கூடப் போட வேண்டாம்.

இசக்கியம்மா


அரவங்காடு.
2-10-1999

ஏனுங்க சம்பந்தியம்மா,

உஷாவுக்குச் சுரம் விட்டு பத்து நாளைக்கு மேல ஆச்சுங்க. ஊசி முடிஞ்சு ஊட்டுக்குக் கூட்டிட்டு வந்தாச்சு. மறுபடி பரிசோதனை பண்ணினதுல கிருமி இல்லீங்க. குழந்தை நல்லா உதைக்குதாம். இதை நான் அன்னைக்கே உங்களுக்கு எழுதியிருக்கோணும். எழுதல. உங்க ரெண்டு கடிதத்தையும் அரிசி டப்பாவுக்குள்ள ஒளிச்சு வச்சிருக்கறேன். உஷாகிட்டயும் காட்டல, ஏகநாதன்கிட்டயும் காட்டல. ஏன்னு சொல்லீர்றேன்.

உங்க டப்பாக் கடிதம் வந்தது இருபதாம் தேதி. அன்னைக்குத்தான் டாக்டரம்மா, ஊட்டுல வேற யாருக்காவது இந்தத் தொந்தரவு இருந்தா அவங்களும் பரிசோதனைக்குக் குடுங்கன்னு சொன்னாங்க. நான் எதிர்லதான் உக்காந்திருந்தேன். வாயைத் திறக்கலீங்க. ஆனா உங்க கடிதத்தைப் படிச்சதுக்கப்புறம் சும்மா இருக்க முடியல. மறுநாள் காய்கறி வாங்கப் போறேன்னு சொல்லிட்டு நான் மட்டும் போய்க் குடுத்திட்டு வந்தேன்.

இருபத்தி நாலாம் தேதி தாள் வந்துது. உஷாவோட தாளை எடுத்துப் பக்கத்துல வச்சுப் பார்த்தேன். பதினோரு பேரு. அதே எட்டு R. அதே மூணு S. ஒரு வரி மாறலீங்க. நான் விரலை வச்சு நாலு தடவை பார்த்தேன்.

எனக்கு மூணு வருசமா எரிச்சல் இருக்குதுங்க. உஷா இந்த ஊட்டுக்கு வர்றதுக்கு முன்னாலயே இருக்குது. இந்த இடத்து நோயைப் பெரிய பையன் இருக்கற ஊட்டுல யார்கிட்டச் சொல்றது? கடைவீதியில எட்மண்டுன்னு ஒருத்தர் மெடிக்கல் வச்சிருக்கறார். எரிஞ்சா போவேன். நான் வாயைத் திறக்கறதுக்குள்ள "வழக்கமானதுதானுங்களே"ன்னு ரெண்டு மாத்திரையைக் காகிதத்துல மடிச்சுக் குடுத்திருவார். ரெண்டோட நின்னுரும். மூணாவது மாத்திரை நான் வாங்கினதே இல்லீங்க. நீங்க இருபத்திரண்டு பேரு சேர்ந்து செஞ்சதை நான் ஒருத்தியே செஞ்சிருக்கறேன். சமையக்கட்டு எங்கிட்ட, சோறு போடறது நானு.

டாக்டரம்மாகிட்டக் கேட்டேன், யார்கிட்ட இருந்து யாருக்குப் போச்சுன்னு. சொல்ல முடியாதுன்னுட்டாங்க. எங்கிட்ட இருந்து அவளுக்கு வந்திருக்கலாம், அவகிட்ட இருந்து எனக்கு வந்திருக்கலாம், ரெண்டு பேருக்கும் வேற எங்கிருந்தோ வந்திருக்கலாம். மூணு தடவை கேட்டேன். மூணு தடவையும் அதையேதான் சொன்னாங்க. யாராவது ஒருத்தரைச் சொல்லிட்டாத் தேவலைன்னு இருக்குது, என்னையச் சொன்னாலும் சரிதான்.

எட்டு நாள் இதை வயித்துக்குள்ள வச்சுக்கிட்டு இருந்தேன். நீங்களே பழியை ஏத்துக்கிட்டது எனக்கு வசதியா இருந்துதுங்க. அதுதான் உண்மை. வாசப்படியில உக்காந்துக்கிறேன்னு எழுதியிருந்தீங்களே, அந்த வரியைப் படிச்சதுக்கப்புறமும் நான் எழுதல. என்ன சொல்லி மன்னிப்புக் கேக்கறதுன்னு தெரியலீங்க.

டாக்டரம்மா உஷாவை உங்க ஊட்டுக்கு அனுப்பலாம்னுட்டாங்க. பதினஞ்சு நாளைக்கு ஒரு தடவை காட்டோணும், பிரசவம் ஆஸ்பத்திரியிலதான் ஆகோணும், அவ்வளவுதான். வர்ற ஞாயிறு விட்டு அடுத்த ஞாயிறு, பத்தாம் தேதி, ஏகநாதன் கூட்டிட்டு வருவான். புரட்டாசின்னு நீங்க யோசிச்சா ஒரு கார்டு போடுங்க. நான் வரலாமா, இல்ல கோத்தகிரி பஸ் ஸ்டாண்டோட நின்னுக்கட்டுமான்னு அதுலயே எழுதீருங்க.

எனக்கு அந்த S போட்ட மாத்திரையை ஏழு நாளைக்குக் குடுத்திருக்கறாங்க. இன்னைக்கு மூணாம் நாள். எரிச்சல் சுத்தமா நின்னு போச்சுங்க. காலையில மிச்சம் இருக்கற அட்டையை மடிச்சு டிராயருக்குள்ள வைக்கப் போயிட்டேன். கை தானாப் போகுது. எடுத்து மறுபடி வெளிய வச்சேன். நாளைக்கும் எடுப்பேனான்னு எனக்கே தெரியலீங்க.

லீலாவதி


கீழ் கோத்தகிரி.
5-10-1999

சம்மந்தியம்மா,

உங்க கடுதாசியை முதல்ல படிச்சப்பக் கிழிச்சுப் போடலாம்னு இருந்துச்சு. எட்டு நாள்! நான் சோறு இறங்காம நம்ம கையாலயே பிள்ளையைக் கெடுத்துட்டமேன்னு கிடந்த எட்டு நாள். எங்க வீட்டுக்காரர் பயந்து போய் எனக்கு ஊட்டி விட்டார். எனக்குக் கோபம் போகல. போயிருச்சுன்னு எழுதினா அது பொய்.

யார்கிட்ட இருந்து யாருக்குன்னு நானும் எல்லா வழியிலயும் யோசிச்சுப் பாத்துட்டேன். கம்பவுண்டரையும் கேட்டேன். அவரு உங்க டாக்டரம்மா சொன்னதையே இன்னும் குழப்பமாச் சொன்னார். நானும் பரிசோதனைக்குக் குடுத்திருக்கேன், தாள் வரல. வந்து எனக்கும் அதே எட்டு இருந்தா மூணு தாளையும் வரிசையா வச்சுப் பாப்போம். இல்லேன்னா உங்களை ரெண்டு வார்த்தை ஏசுவேன், வாங்கிக்கோங்க.

காட்டுல ஒரு மறைப்பும் குடிக்கத் தண்ணியும் வேணும்னு எங்க செட்டு ஆபீசுல எழுதிக் குடுத்திருக்கு. முதல் கையெழுத்து மூக்கம்மா. அவ என்னை இன்னும் மன்னிக்கல. பேனாவை மட்டும் நீட்டினா.

புரட்டாசியாவது மண்ணாவது. பிள்ளையைக் கூட்டிட்டு வாங்க. வளையல் அப்படியே இருக்கு, இங்க வச்சுப் போடுவோம். பஸ் ஸ்டாண்டுல நிக்கிற வேலையெல்லாம் வேண்டாம். நீங்களும் மாப்பிள்ளையோட ஏறி வாங்க. பலகாரம், பூ, பழம் ஒண்ணும் தூக்கிக்கிட்டு வர வேண்டாம்.

அந்த மாத்திரை அட்டையை மட்டும் கையில கொண்டாங்க. நான் வாசல்லயே நின்னு வாங்கிப் பாப்பேன். ஏழு நாளும் காலியா இருந்தாத்தான் உள்ள விடுவேன்.

இசக்கியம்மா